இரண்டு மணிக் குறிப்பு

இரவு இரண்டு மணிக்கு
பதினோராம் கட்டில், வீராயி, வயது ஐம்பத்திரண்டு:
நூற்று முப்பதின் கீழ் எண்பது என்று எழுதினேன்.
அளக்கவில்லை.

காரணங்கள் இருக்கின்றன.
வாட்டில் இருபத்தேழு பேர், நான் ஒருத்தி.
ஒன்பதாம் கட்டிலில் ஒருத்திக்கு மூச்சு இழுத்தது.
ஆனாலும் சரியாக இரண்டு மணிக்கு
நான் கதிரையில் இருந்து
தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.
பத்து மணிக்கு எடுத்த இலக்கத்தைச்
சற்றே மாற்றிப் போட்டேன்,
உண்மை போலத் தெரிய.

உடைந்த கண்ணாடி வழியே
ஹப்புத்தளை மூடுபனி உள்ளே வந்து
விளக்கைச் சுற்றி நின்றது.
அவள் தூங்கியிருக்கவில்லை.

பதுளை மெயில் கத்திக்கொண்டு போன பிறகு
கையில் பட்டியைச் சுற்றினேன்.
"ராவுக்கு நீங்க வரல்லியே மிஸ்ஸி."
குற்றமாய்ச் சொல்லவில்லை,
நேற்று மழை இல்லை என்பதைப் போல.
நூற்று எழுபதின் கீழ் நூற்றைந்து.

மறைப்பது சுலபம்.
விடியப்பறம் கூடிவிட்டது என்றால் யார் கேட்பார்கள்?
டிக்கட் ஆங்கிலத்தில், டொக்டர் சிங்களத்தில்.
அவளுக்குத் தெரிந்த எழுத்து
பெருவிரல் மையில் ஒரு வட்டம்.

சொன்னேன்.
"வரவில்லை அக்கா. அளக்காமல் எழுதிவிட்டேன்.
பிழை என்னுடையது.
டொக்டரிடமும் சொல்வேன்."

நெடுநேரம் டிக்கட்டையே பார்த்தாள்.
பிறகு சிரித்தாள்.
"முப்பத்தி நாலு வருசம் கொழுந்து நிறுத்தவ நான்.
ஈரத்துக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒண்ணுன்னு
கழிச்சு எழுதுனவங்க எத்தனையோ பேரு.
ஒருத்தர்கூட மறுநா வந்து
கழிச்சேன்னு சொன்னதில்ல."

முகம் சுட்டது எனக்கு.
தராசுக்காரர்களோடு ஒரே வரியில்
நிற்பேன் என்று நினைத்ததில்லை.

அதற்குப் பிறகுதான்
தலையணைக்குக் கீழே கைவிட்டு
ஒரு தீப்பெட்டியை எடுத்தாள்.
உள்ளே குளிசைகள்,
எல்லாம் பாதி பாதியாய்.

"நாத்தனா ராக்குவுக்கும் பிரஷருதான்.
கிளினிக்கு வந்தா பேரு போயிரும்.
அதான் எனக்குக் குடுக்கிறதுல பாதி."

நான் மட்டக்களப்புக்காரி.
வந்த புதிதில், பேர் போகும் என்றால்
மானம் போகும் என்று விளங்கிக்கொண்டேன்.
இங்கே பேர் என்பது ஒரு நாள் சம்பளம்,
செக்ரோலில் ஒரு கோடு.

"யாருக்கும் சொல்லிறாதீங்க மிஸ்ஸி."

சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.
அந்தச் சரியும்
அளக்காமல் எழுதும் இலக்கம்தான்.

"டொக்டருக்குச் சொல்லத்தான் வேணும் அக்கா.
நீங்க பாதி குடிக்கிறது தெரியாமல்
அவர் மருந்தைக் கூட்டிவிடுவார்.
ஒரு நாள் முழுசாய்க் குடித்தால்
படியில் விழுந்துபோவீங்க.
தோட்டத்துக்குச் சொல்லமாட்டேன்.
கணக்கப்பிள்ளை கேட்டாலும் இல்லை,
உங்க மகன் வந்து கேட்டாலும் இல்லை.
ராக்குவின் பேரை
உங்களைக் கேட்காமல் எடுக்கமாட்டேன்."

தீப்பெட்டியை மூடினாள்.
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.
போர்வைக்கு வெளியே தெரிந்த குதிகாலில்
அட்டை கடித்த பழைய புள்ளிகள்.
அவற்றை எண்ணிக்கொண்டு நின்றேன்,
வேறு வேலை இல்லாதவள் போல.

எட்டு மணிக்கு டொக்டர் விஜேகோன் வந்தார்.
அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
தாடையை லேசாக உயர்த்தினாள்:
சொல்லு.

முதலில் என்னுடையதைச் சொன்னேன்.
பிறகு அவளுடையதை.
அவர் சொன்னது முழுக்க எனக்குத்தான்.
சிங்களம் அவளுக்கு விளங்காது;
குரல் விளங்கும்.

"ரொம்ப ஏசுனாரோ?"
"கொஞ்சம்."
"எங்க தொரையும் அப்பிடித்தான்,
காலையில கொஞ்சம் ஏசணும் அவருக்கு."

பிழையை அழிக்கக் கூடாது எங்கள் தொழிலில்.
ஒற்றைக் கோடு இழுக்க வேண்டும்,
கீழே இருந்தது வாசிக்கத் தெரிய வேண்டும்,
பக்கத்தில் பேர் வைக்க வேண்டும்.
வைத்தேன்.
கட்டிலில் இருந்தபடி
என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம கிளினிக் இருக்கா மிஸ்ஸி?"

இல்லை என்றேன்.

தலையாட்டினாள்.
தீப்பெட்டியை மட்டும் என்னிடம் தரவில்லை.